பறவைக் காய்ச்சலை வேவு பார்ப்போர்

லிந்துலையில் நின்று எத்திசை நோக்கினும் கண்ணிற்படுவது தேயிலையே. ஆயினும் நம் முன்னோர் கடல் கடந்து இம்மலைகளுக்கு முதன்முதல் வந்தது தேயிலைக்காக அன்று, கோப்பிக்காகவே வந்தனர். 1869ஆம் ஆண்டிலே கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறமான துகள் படிந்திருப்பதைக் கண்டனர். மாதிரிகள் பேராதனைப் பூந்தோட்டத்திலிருந்து இங்கிலாந்துக்குச் சென்றன. அங்கே பார்க்லி என்னும் அறிஞர் அப்பூஞ்சணத்துக்குப் பெயர் சூட்டினார். பெயர் கிடைத்தது; பரிகாரம் கிடைக்கவில்லை. மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி 1880இல் வந்து நோயின் போக்கை முறையாக ஆராயத் தொடங்கியபோது காலம் கடந்துவிட்டது. அந்நூற்றாண்டு முடியுமுன் கோப்பி அழிந்து, தேயிலை அதனிடத்தைப் பிடித்துக்கொண்டது.

1946இல் அத்தேயிலைக்கே கொப்புள நோய் வந்து சேர்ந்தது. இம்முறை விளைவு வேறாயிற்று. தலவாக்கலையில், சென்ட் கூம்ப்ஸ் தோட்டத்தில், ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஏற்கனவே இருந்தது. நோயை ஆராய்ந்து, செப்பு மருந்து தெளிக்கும் முறையை வகுத்தனர், தேயிலை பிழைத்தது. நோய் வந்த பின்னர் ஆய்வுகூடம் தேடுவதற்கும், ஆய்வுகூடம் இருக்கும்போது நோய் வருவதற்கும் எவ்வளவு வேறுபாடு என்பதை மலைநாட்டாருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வாரம் நாம் சொல்ல வந்தது செடிகளின் நோயைப் பற்றியன்று. கோழியையும் வாத்தையும் தாக்கும் பறவைக் காய்ச்சலைப் பற்றி. அந்நோயின் வைரசு மனிதனுடைய உடலுக்கு எவ்வளவு தூரம் பழகிக்கொண்டிருக்கிறது என்பதை உலகின் சில ஆய்வுகூடங்கள் ஓயாது சோதித்து வருகின்றன. அப்பணியில் முன்னணியில் நின்றவர்களுள் ஒருவர் நம் கண்டி நகரத்தில் பிறந்தவர் என்பது நம் மாணவரிற் பலருக்குத் தெரியாது.

முதலில் நோயின் பூர்வீகத்தைச் சிறிது பார்ப்போம். இன்புளுவென்சா என்பது அடிப்படையில் நீர்ப்பறவைகளுக்குரிய வைரசு. காட்டு வாத்துகளின் குடலில் அது பெரும்பாலும் தீங்கின்றி வாழ்கிறது. எப்போதாவது ஒரு முறை அது பறவையுலகை விட்டு மனித உலகுக்குக் குடிபெயர்கிறது. 1918இல் உலகை வாட்டிய காய்ச்சல் ஏறக்குறைய 5 கோடி உயிர்களைக் கொண்டது என்பர். இலங்கையில் மட்டும் 3 இலட்சம் அளவில் மக்கள் இழக்கப்பட்டிருக்கலாம் என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிடுகிறது. 1957இலும் 1968இலும் பரவிய காய்ச்சல்களின் வைரசுகளிலும் பறவை வைரசின் பரம்பரை அலகுகள் கலந்திருந்தன. ஆகவே, "கோழிக்கு வந்த நோய் கோழியோடு போகும்" என்று இருந்துவிட இயலாது.

ஹொங்கொங்கில் நிகழ்ந்தது

1997ஆம் ஆண்டு மே மாதத்தில் ஹொங்கொங் வைத்தியசாலை ஒன்றில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் காய்ச்சலால் இறந்தான். அவனிடமிருந்து எடுத்த வைரசு இன்புளுவென்சா என்று தெரிந்தது. ஆனால் மனித இன்புளுவென்சாவை இனங்காணும் எந்தச் சோதனைப் பொருளுக்கும் அது கட்டுப்படவில்லை. மாதிரிகள் அத்திலாந்தாவுக்கும், லண்டனுக்கும், ரொட்டர்டாமுக்கும் அனுப்பப்பட்டன. ஆகஸ்டு மாதத்தில் விடை வந்தது. அது எச்5என்1 என்னும் பறவை வைரசு! அவ்வாண்டின் தொடக்கத்தில் ஹொங்கொங் நாட்டுப்புறப் பண்ணைகளிற் கோழிகளைக் கொன்றதும் அதே வகையே. இத்தகைய வைரசு நேரே மனிதனைக் கொல்லும் என்று அதுவரை எவரும் எண்ணவில்லை.

ஆண்டு இறுதியில் மேலும் 17 பேர் நோயுற்றனர். மொத்தம் 18 பேரில் 6 பேர் இறந்தனர். உயிர்க்கோழி விற்கும் சந்தைகளைச் சோதித்தபோது, ஐந்து கோழிகளில் ஒன்று என்ற அளவில் வைரசு காணப்பட்டது. டிசம்பர் கடைசியில் அரசாங்கம் நகரிலிருந்த கோழிகள் அனைத்தையும், பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவற்றை, சில நாட்களிற் கொன்றொழித்தது. மனிதருக்கு வந்த நோயும் அத்துடன் நின்றது. கோழி வியாபாரிகளின் துயரம் சொல்லுந்தரமன்று; எனினும் அன்று அத்துணை விரைவாகச் செயற்படாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என எண்ணவும் அச்சமாயிருக்கிறது.

அப்போது ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் வைரசு ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தவர் மலிக் பீரிஸ். கண்டியிற் பிறந்து, கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியிற் கற்று, பேராதனையில் வைத்தியப் பட்டம் பெற்றவர். ஒக்ஸ்போர்டிலே கலாநிதிப் பட்டம் பெற்றபின் பேராதனைக்கே திரும்பி, அங்கு வைரசு ஆய்வுகூடம் ஒன்றை உருவாக்கினார். 1980களில் அநுராதபுரப் பகுதியில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, நெல்வயல், நுளம்பு, பன்றி ஆகிய மூன்றுக்கும் இடையிலுள்ள தொடர்பை ஆராய்ந்தவரும் அவரே. விலங்கின் நோயையும் மனிதனின் நோயையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு அங்கேயே வாய்த்தது போலும். 1995இல் ஹொங்கொங் சென்றார். இரண்டு ஆண்டுகளுக்குள் எச்5என்1 எதிர்ப்பட்டது. 2003இல் சார்ஸ் நோயின் வைரசைக் கண்டறிந்த குழுவுக்கும் அவரே தலைமை தாங்கினார். 2006இல் லண்டன் அரச சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. இலங்கையர் ஒருவருக்கு அப்பெருமை கிடைத்தது அதுவே முதன்முறை.

முட்டையும் குங்குமப் பொட்டும்

ஒரு பறவை வைரசு மனிதனுக்குப் பழகிவிட்டதா என்பதை எங்ஙனம் சோதிக்கின்றனர்? மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி இது.

சந்தையிலோ பண்ணையிலோ உள்ள பறவையின் தொண்டையிலும் கழிவாயிலும் பஞ்சுக் குச்சியால் தொட்டு மாதிரி எடுக்கின்றனர். அதைக் குளிர்ச்சியாக வைத்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசெல்கின்றனர். வைரசு உளதா என இரசாயன முறையிற் பார்த்தபின், அடைகாத்து ஒன்பது, பத்து நாளான கோழி முட்டைக்குள் அதைச் செலுத்துகின்றனர். ஓடு உடையாமல் சிறு துளை மட்டும் இட்டு, மெழுகால் அடைத்துவிடுவர். இரண்டு நாளில் முட்டையினுள் இருக்கும் நீரில் வைரசு பெருகிவிடும். கோழிக்குப் பகையாகிய நோயை அறிவதற்கும் கோழி முட்டையே துணை செய்கிறது! இவையெல்லாம் நடைபெறும் அறைக்குள் காற்று உள்நோக்கியே செல்லும். வெளியேறும் காற்று நுண்வடிகளைக் கடந்துதான் போகவேண்டும்.

அடுத்தது கண்ணாற் காணத்தக்க ஓர் அழகிய சோதனை. சிறு குழிகள் கொண்ட தட்டிலே செங்குழியங்களை விடுகின்றனர். வைரசு இல்லாவிடின் அவை மெல்லத் தாழ்ந்து, குழியின் அடியில் குங்குமப் பொட்டு வைத்தாற்போலச் சேரும். வைரசு இருந்தால் அது செங்குழியங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடும், பொட்டு விழாது, குழி முழுவதும் இளஞ்சிவப்பு மூட்டமாகப் படர்ந்திருக்கும். 1941இல் அமெரிக்காவில் ஹேர்ஸ்ட் என்பவர் கண்ட உண்மை இது. இன்றும் நாள்தோறும் கையாளப்படுகிறது.

யாருடைய செங்குழியம் என்பதிலேதான் சூட்சுமம் அடங்கியிருக்கிறது. உடலின் கலங்களின்மீது நுண்ணிய சருக்கரைச் சங்கிலிகள் மயிர்போல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் நுனியில் சயாலிக் அமிலம் இருக்கிறது. வைரசு பற்றிக்கொள்வது இதனையே. அவ்வமிலம் அடுத்த சருக்கரையோடு இணைந்திருக்கும் முறை பறவையின் குடலில் ஒருவிதம். மனிதனின் மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் இன்னொரு விதம். குதிரையின் செங்குழியத்தில் மிகுதியாக இருப்பது பறவை வகை இணைப்பு. ஆகவே, குதிரையின் குருதியைப் பிணைக்கும் வைரசு இன்னும் பறவைக் குணம் மாறாதது எனலாம். இதனினும் நுட்பமாக அறிய, கண்ணாடித் தகட்டில் பலவகைச் சருக்கரைகளைப் புள்ளி புள்ளியாக ஒட்டி, வைரசு எதனை நாடுகிறது என்று பார்க்கும் முறையும் உண்டு.

மனிதனுடைய சுவாசப்பையின் ஆழத்திலோ பறவை வகை இணைப்பும் இருக்கிறது. 2006இல் ஜப்பானிய, ஒல்லாந்து ஆய்வாளர்கள் தனித்தனியே இதை வெளிப்படுத்தினர். எச்5என்1 பிடித்தவருக்கு நோய் கடுமையாவதும், அவர் இருமினாலும் பிறருக்கு எளிதில் தொற்றாததும் ஏன் என்பதற்கு இது ஓரளவு விடை தருகிறது. மறு ஆண்டே ஹொங்கொங் குழுவினர், மூக்கு, தொண்டைத் திசுக்களிலும் அவ்வைரசு வளரக்கூடும் எனக் காட்டி, இவ்விளக்கம் மட்டும் போதாது என உணர்த்தினர்.

அக்குழுவினரின் முறையும் கவனிக்கத்தக்கது. சத்திர சிகிச்சையின்போது நோயாளரிடமிருந்து அகற்றப்பட்ட சுவாசக் குழாய், சுவாசப்பைத் திசுக்களிற் சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ வேண்டாத பகுதியைச் சம்மதத்துடன் பெற்று, ஆய்வுகூடத்தில் சில நாள் உயிருடன் வைத்திருக்கின்றனர். பறவையிலிருந்து கிடைத்த வைரசை அத்திசுவில் இட்டு, எவ்வளவு பெருகுகிறது என அளக்கின்றனர். 2013இல் சீனாவில் எச்7என்9 என்னும் புதிய வகை தோன்றியபோதும் இம்முறையாற் சோதித்தனர். அது மனிதனின் சுவாசத் திசுவில் நன்கு வளர்ந்தது. அவ்வகை பின்னர் 1,500க்கு மேற்பட்டோரைப் பீடித்து, அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோரைக் கொன்றது. 2017இல் சீனா தன் கோழிகளுக்குப் பெருமளவில் தடுப்பூசி போடத் தொடங்கிய பின்னரே அது அடங்கியது.

பற்றிக்கொள்வது மட்டும் போதாது. உள்ளே நுழைந்த வைரசு பெருகவும் வேண்டும். பறவையின் உடல் வெப்பம் 41 பாகை அளவில். மனிதனின் மூக்கிலோ 33 பாகைதான். வைரசின் பிரதி எடுக்கும் புரதங்களுள் ஒன்றில், 627ஆம் இடத்திலுள்ள அமினோ அமிலம் ஒன்று மாறினால், இந்தக் குளிரிலும் மனிதக் கலத்திலும் அது வேலை செய்யும். இத்தகைய மாற்றங்களைப் பார்ப்பதற்காகவே வைரசின் பரம்பரை எழுத்துகள் முழுவதையும், ஏறக்குறைய 13,500 எழுத்துகளை, வாசிக்கின்றனர்.

"அப்படியானால் வைரசு வேண்டுமென்றே மாறுகிறதா, சேர்?" என்று மாணவர் வினவுவதுண்டு. அதற்கு எண்ணமும் இல்லை, நோக்கமும் இல்லை. அவசரமாகக் குறிப்பெழுதும் மாணவனைப் போல ஒவ்வொரு பிரதியிலும் பிழை விடுகிறது. இலட்சம் பிழைகளில் ஒன்று புதிய வீட்டுக்கு ஏற்றதாக அமைந்துவிட்டால், அப்பிழையே நிலைத்துவிடுகிறது.

தும்மும் பிராணி

இறுதிச் சோதனை 'பெரட்' என்னும் பிராணியிடம் நடைபெறுகிறது. நம் கீரியை ஒத்த நீண்ட உடல் கொண்டது. மனித இன்புளுவென்சா இதற்குத் தொற்றும் என்பதை 1933இல் லண்டனில் சிமித், அண்ட்ரூஸ், லெயிட்லோ ஆகிய மூவர் கண்டனர். பின்னர் நோயுற்ற பெரட் ஒன்று அங்கிருந்த ஆய்வாளர் ஒருவரின் முகத்தில் தும்ம, அவரும் படுக்கையில் விழுந்தார்! துளையிட்ட சுவருக்கு இருபுறமும் இரு கூடுகளை வைத்து, ஒரு பெரட்டுக்கு வைரசைக் கொடுத்துவிட்டு, காற்று மட்டும் செல்லக்கூடிய அடுத்த கூட்டுப் பெரட்டுக்கும் நோய் வருகிறதா என்று பார்க்கின்றனர்.

இங்கேதான் பெரிய சர்ச்சை எழுந்தது. 2011இல் ரொட்டர்டாமில் பூஷேயும், அமெரிக்காவின் விஸ்கொன்சினில் கவாஒகாவும், எச்5என்1 வைரசைக் காற்றின் வழியே பெரட்டுக்குப் பெரட் பரவுமாறு மாற்றியமைத்ததாக அறிவித்தனர். உலகெங்கும் கூக்குரல் எழுந்தது. விவரங்களை மறைக்கவேண்டும் என்று அமெரிக்க ஆலோசனைச் சபை ஒன்று கேட்டது. பின்னர் 2012இல் இரு கட்டுரைகளும் வெளிவந்தன. ஆய்வாளர் தாமே ஓராண்டு காலம் இத்தகைய பணியை நிறுத்தி வைத்தனர். 2014 முதல் 2017 வரை அமெரிக்க அரசாங்கமும் இதற்குப் பணம் வழங்குவதை நிறுத்தியிருந்தது.

எமது கருத்தை மறைக்க வேண்டியதில்லை. இயற்கையில் ஏற்கனவே இருக்கும் வைரசை எடுத்துச் சோதிப்பது ஒன்று. இயற்கையில் இல்லாத ஆற்றலை அதற்கு ஊட்டிப் பார்ப்பது வேறொன்று. முன்னையது காவற்காரன் செயல். பின்னையதற்கும் பயன் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை; எந்த மாற்றங்களைக் கண்டு அஞ்சவேண்டும் என்ற பட்டியலின் ஒரு பகுதி அதிலிருந்தே வந்தது. ஆனால் ஆய்வுகூடத்துப் பூட்டு மனிதன் செய்த பூட்டே. அதே அறிவைத் தீங்கற்ற வழியிற் பெற முடியுமானால் அதுவே மேல். அத்தகைய வழியும் இப்போது வந்துகொண்டிருக்கிறது. 2024இல் சியாட்டில் நகரிலே புளூம் என்பவரின் குழுவினர், ஒரு முறை கலத்துள் நுழைந்தபின் பெருக இயலாத போலி வைரசுகளின் மேல் எச்5 புரதத்தைப் பொருத்தி, அதில் நேரக்கூடிய ஆயிரக்கணக்கான மாற்றங்களை ஒருங்கே சோதித்தனர்.

அதே 2024இல் மற்றொரு வியப்பும் நேர்ந்தது. அமெரிக்காவின் டெக்சாஸில் கறவைப் பசுக்களுக்கு எச்5என்1 பிடித்தது. பாலிலே வைரசு வெள்ளமாய் வெளிப்பட்டது. பண்ணைத் தொழிலாளர் உட்பட 70 பேர் அளவில் அந்நாட்டில் நோயுற்றனர். பெரும்பாலோருக்குக் கண் சிவந்ததோடு சரி. டெக்சாஸ் தொழிலாளி ஒருவரிடமிருந்து எடுத்த வைரசைப் பெரட்டுகளுக்குக் கொடுத்தபோது அவையெல்லாம் மாண்டன! ஒன்றாக அடைத்தவற்றுக்கு எளிதிலே தொற்றியது. காற்றின் வழியே மூன்றில் ஒன்றுக்கு மட்டும் தொற்றியது. மனிதனுக்குக் கண்நோய், பெரட்டுக்கு மரணம் என்றால், பெரட்டின் தீர்ப்பை அப்படியே மனிதனுக்குப் பொருத்துவதில் எச்சரிக்கை வேண்டும் என்பது தெளிவு. அவ்வாண்டு டிசம்பரில் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் நிலையத்தார், பசுக்களிடம் காணப்பட்ட வைரசின் மேற்புரதத்தில் ஒரேயோர் அமினோ அமிலம் மாறினாலே அது மனித வகை இணைப்பைப் பற்றத் தொடங்கும் என்று காட்டினர். அவர்கள் சோதித்தது புரதத்தை மட்டுமே; முழு வைரசை அன்று.

நம் வாசலில்

நம் அண்டை நாட்டிலே இந்நோய் 2006இல் மகாராட்டிரத்து நவாபூரில் முதன்முறையாகக் கோழிகளிடம் வெளிப்பட்டது. போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்குநோய் ஆய்வுகூடம் அதை உறுதிசெய்தது. 2014இல் கேரளத்து ஆலப்புழையில் வாத்துகள் மடிந்தன. 2021இல் டில்லியில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் எச்5என்1 தொற்றி இறந்தான். இந்தியாவில் மனிதருக்கு அது முதல் நிகழ்ச்சி. 2003 தொடக்கம் உலகெங்கும் 900க்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தனர். மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் ஆண்டுதோறும் மன்னார், யாழ்ப்பாணக் கடல்நீரேரிகளில் வந்து இறங்குகின்றன. பறவைக்குக் கடவுச்சீட்டு ஏது?

இலங்கையில் மனித இன்புளுவென்சாவைக் கண்காணிப்பது கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையம். விலங்குகளுக்கு, பேராதனையை அடுத்த கன்னொருவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம். 2009 முதல் 2013 வரை இந்நாட்டுப் பன்றிகளிடம் மாதிரி எடுத்து, பீரிஸ் அவர்களும் பங்குகொண்டு நிகழ்ந்த ஆய்வொன்று சுவையான முடிவைத் தந்தது. பன்றிக் காய்ச்சல் எனப் பெயர் பெற்ற 2009ஆம் ஆண்டுக் காய்ச்சலை இங்குள்ள பன்றிகளுக்குக் கொடுத்தவர் மனிதரே! மனிதரிடையே நோய் உச்சத்தில் இருந்த காலத்திலேயே அது பன்றிகளுக்குத் தாவியிருந்தது. தாவும் பாதை இருபுறமும் திறந்திருக்கிறது.

எத்துணை நுட்பமான ஆய்வுகூடமாயினும், தன்னிடம் வந்து சேராத மாதிரியைச் சோதிக்க இயலாது. நம் தோட்டங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். லயத்து இஸ்தோப்பின் ஓரத்திலே கோழிக்கூடு; அதனருகே குழந்தைகள் விளையாட்டு; பக்கத்துக் காம்பராவுக்கும் நமக்கும் இடையே ஒரு சுவர். இரண்டு கோழி சோர்ந்து தூங்கத் தொடங்கினால், செத்துவிடுமுன் அறுத்துக் கறியாக்குவது வழக்கம். வறுமையின் கணக்கு அது. நாம் குறைகூற வரவில்லை. ஆனால் நோயுற்ற கோழியை அறுத்து இறகு பறிக்கும் நேரமே அபாயம் மிகுந்த நேரம். நன்கு வெந்த இறைச்சியில் வைரசு உயிர் பிழைக்காது. பறிப்பவரின் கையும், கண்ணும், மூச்சுமே அதற்கு வாசல்.

கோழிகள் சாவதற்குப் பெரும்பாலும் நியூகாசில் நோயே, அதாவது ராணிக்கெட் எனப்படுவதே காரணம்; அது வேறு வைரசு. வெளித்தோற்றத்தால் இரண்டையும் வேறுபடுத்த அனுபவம் மிக்க வைத்தியருக்கும் இயலாது. சோதனை ஒன்றே வழி. ஆதலால் ஒரே லயத்தில் இரண்டு மூன்று நாளுக்குள் பல கோழிகள் இறந்தால், அவற்றை ஓயாவில் எறியாமலும், வெறுங்கையால் தொடாமலும், பிரதேசத்து அரச கால்நடை வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். அக்கோழிகளோடு பழகியவருக்குப் பத்து நாளுக்குள் கடுங்காய்ச்சலோ மூச்சுத் திணறலோ கண்டால், தோட்டத்து வைத்திய உத்தியோகத்தரிடமோ வைத்தியசாலையிலோ கோழி இறந்த செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் அது சாதாரணத் தடிமனாகவே எழுதப்படும். தொண்டையிலிருந்து மாதிரி எடுக்க எவருக்கும் தோன்றாது. எடுத்த மாதிரியோ ஐஸ் பெட்டியில், குளிர் குறையாமல், மலையிறங்கி ஆய்வுகூடம் சேர வேண்டும். எஞ்சியதை அங்குள்ளோர் பார்த்துக்கொள்வர்.